மார்புக் கவசத்தில் பழப்புளி

1. பத்துக் கிலோச் சட்டை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஜூலையில் நான் வேலைக்குப் போன முதல் நாள், முதலாளி மார்ட்டின் என் கையில் ஒரு இரும்புச் சட்டையைத் தந்து, "இதைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் முற்றத்தைச் சுற்றி வா" என்றார். சின்னச் சின்ன இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னிய சட்டை. அதற்கு மெயில் என்று பெயர். பத்துக் கிலோ இருக்கும். எனக்கு நாற்பத்து மூன்று வயது, ஐந்தடி உயரம், பஞ்சாபி உடுப்பு. நான் துடைக்கவும் துலக்கவும் வந்தவள், சண்டைக்குப் போக வந்தவளல்ல என்று சொல்ல நினைத்தேன். என் இங்கிலீஷ் அவ்வளவு வேகமாக வராது. அதனால் பேசாமல் போட்டேன்.

தலையை நுழைத்ததும் என் தலைமயிர்ப் பின்னலில் இரண்டு வளையம் மாட்டிக்கொண்டது. தோள் இரண்டும் இறங்கிவிட்டன. முற்றத்தில் பாதி தூரம் போனதும் மார்ட்டின் கூப்பிட்டு, "எங்கே கடிக்கிறது?" என்று கேட்டார். தோளைக் காட்டினேன். இடுப்பில் ஒரு தோல் பட்டியை இறுக்கிக் கட்டி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார். பாரத்தில் பாதி இடுப்புக்குப் போய்விட்டது. "எங்கே கடிக்கிறது என்று தெரியாதவரிடம் நான் கவசத்தைக் கொடுப்பதில்லை" என்றார்.

மார்ட்டின் பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன், கூடக் குறைய இருக்கும்.

பட்டறை லண்டனில் மிச்சம் என்ற ஊரில், ட்ராம் ஸ்டொப்பிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு பக்கம் டயர்க் கடை, மறு பக்கம் கிச்சன் அலுமாரி செய்கிற இடம், நடுவில் நாங்கள். நாடகக் குழுக்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அந்தக் காலத்துக் குதிரைவீரர்களின் கவசம், கேடயம், வாள், ஈட்டி எல்லாம் வாடகைக்குக் கொடுப்பதுதான் தொழில். வேலை செய்தது மூன்று பேர். மார்ட்டின், நான், தேவன் அண்ணை. தேவன் அண்ணை ஜேர்மனியில் பதினாறு வருடம் இடிபட்ட கார்களின் நெளிவு எடுக்கிற வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நெளிந்த கதவை நிமிர்த்திய கைக்கு நெளிந்த தலைக்கவசம் பெரிய காரியமில்லை. எனக்காக மார்ட்டினிடம் கதைத்து அந்த வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

2. சீமெந்து மெசினும் கையுறையும்

கறள் பிடித்த மெயில் சட்டையை எப்படித் துலக்குவது என்று கேட்டால் இப்போதும் ஆட்கள் நம்ப மாட்டார்கள். சீமெந்து குழைக்கிற மெசினுக்குள் மரத்தூளைக் கொட்டி, சட்டையை அதற்குள் போட்டு, ஒரு மணித்தியாலம் சுற்ற விடுவோம். வளையம் வளையத்தோடு உரசித் தானாக வெளுத்து வரும். அந்தக் காலத்தில் பீப்பாய்க்குள் மணலைப் போட்டு உருட்டினார்களாம். நாங்கள் கரண்டில் செய்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தகட்டுக் கவசம் அப்படியல்ல. அதை வெறும் கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கிற வியர்வை போதும், அடுத்த நாள் கைரேகை அப்படியே கறளில் எழும்பி நிற்கும். துரு என்று புத்தகத்தில் போடுவதைத்தான் நாங்கள் கறள் என்கிறோம். பருத்திக் கையுறை, நாலு சைபர் வயர் வூல் என்கிற மெல்லிய இரும்புப் பஞ்சு, மெல்லிய எண்ணெய், கடைசியில் மெழுகு. இதுதான் வரிசை.

வருகிற கஸ்டமர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இதைப் போட்டால் விழுந்தவன் எழும்ப மாட்டானாமே? கிரேன் வைத்துத்தான் குதிரையில் ஏற்றுவார்களாமே?" முதல் கிழமை நான் சிரித்துவிட்டுப் போவேன். பிறகு எனக்கு ரோசம் வரத் தொடங்கியது. முழுக் கவசமே இருபது, இருபத்தைந்து கிலோதான். அது உடம்பு முழுக்கப் பரந்து நிற்கும். ஆளுக்கு அளவாக இருந்தால் குந்தலாம், எழும்பலாம், ஓடலாம். அரிசி மூட்டையைத் தோளில் தூக்குகிறவனைவிட இவனுக்குக் கஷ்டம் குறைவு. இதை என் உடைந்த இங்கிலீஷில் யாருக்கும் சலிக்காமல் சொன்னேன். அந்த இரும்பின் மேல் எனக்கு எப்போது இவ்வளவு பாசம் வந்தது என்று எனக்கே தெரியாது.

அந்த வருடம் எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. வன்னியிலிருந்து வந்த போர்ச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு மாதக்கணக்கில் ஒழுங்காகச் சமைத்ததில்லை, நித்திரை கொண்டதில்லை. போதாததற்கு என் கணவர் வேலை செய்த ரெஸ்டோரண்டையும் பூட்டிவிட்டார்கள். காலையில் எழும்பி ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்பதே எனக்கு மருந்தாக இருந்தது. ஆனால் அது மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை. செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, என்னை வைத்திருப்பதா இல்லையா என்று மார்ட்டின் சொல்வார்.

3. வீட்டு முறை

அந்தக் கடைசிக் கிழமையில்தான் என் புத்தி வேலை செய்தது.

பட்டறையில் ஒரு மார்புக் கவசம் இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழையது, அதற்கும் பழைய மாதிரி ஒன்றைப் பார்த்து அடித்தது. எங்களுடையதல்ல. ஒரு குடும்பம் மார்ட்டினை நம்பி, வாடகைக்கு விடக் கொடுத்து வைத்திருந்தது. உருக்குத் தகடு, கழுத்திலும் கைப்பக்கங்களிலும் பித்தளைக் கரை, கரையைப் பிடிக்கச் சின்னச் சின்ன ரிவிட் ஆணிகள். ஒரு நாடகத்தில் வீரனாக நடிக்கும் ஜூடித் என்ற பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை காலை அதை அளவு பார்க்க வேண்டும். புதன்கிழமை மார்ட்டின் வெளியே போனார். போகும்போது, "உருக்கை நான் பார்த்துவிட்டேன். பித்தளையை மட்டும் நீ துலக்கி வை" என்றார்.

டின்னில் வருகிற பொலிஷைப் போட்டு மத்தியானம் வரை தேய்த்தேன். ரிவிட் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததே தவிர, பித்தளை கண் திறக்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் நவராத்திரிக்காக வீட்டில் குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் பழப்புளி போட்டுத் துலக்கியிருந்தேன். பத்து நிமிடத்தில் பொன் மாதிரி வந்தது. பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துத் தமிழ்க் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் புளி வாங்கி வந்து, கரைத்து, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பித்தளைக் கரை முழுக்கப் பூசித் தேய்த்தேன்.

வந்தது பாருங்கள் ஒரு மினுக்கம். தேவன் அண்ணை வந்து நின்று பார்த்தார்.

"என்ன போட்டனீர்? கண்ணைக் கூசுது."

"அது எங்கட வீட்டு முறை அண்ணை."

ஈரத் துணியால் துடைத்தேன், காய்ந்த துணியால் துடைத்தேன், தெரிகிற உருக்குக்கெல்லாம் எண்ணெய் பூசினேன். இந்த மினுக்கத்தைப் பார்த்தால் மார்ட்டின் வெள்ளிக்கிழமை வேறு பேச்சுப் பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டு சந்தோசமாக வீட்டுக்குப் போனேன்.

4. கறள்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கவசத்தை மூடியிருந்த துணியைத் தூக்கினேன். பித்தளைக் கரை நெடுக, அது உருக்கைத் தொடுகிற இடமெல்லாம், செம்மஞ்சளாக ஒரு கோடு. ஒவ்வொரு ரிவிட்டைச் சுற்றியும் ஒரு வட்டம். கையுறையால் தொட்டேன், மஞ்சள் ஒட்டியது. அழுகை வந்தது, அடக்கினேன்.

தேவன் அண்ணை குனிந்து பார்த்தார்.

"நேற்று என்ன போட்டனீர்?"

"பழப்புளி. கொஞ்சம் உப்பும்."

"ஐயோ தங்கச்சி." தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, நீர் பேசாமல் இரும். கூரை ஒழுகுறது மார்ட்டினுக்கும் தெரியும்தானே? ஈரத்தில பிடிச்ச கறள் எண்டு சொல்லுவம். மேலால வயர் வூல் போட்டு எண்ணெய் விட்டா ஒரு மணித்தியாலத்தில போயிடும். நாளைக்கு உமக்கு முடிவு சொல்லுற நாள். இண்டைக்குப் போய் இதைச் சொல்லுவீரோ?"

அவர் எனக்கு நன்மைக்குத்தான் சொன்னார். அவர் மூன்று நாட்டில் வேலை தேடியவர், ஒரு வேலை போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஓம் என்று சொல்லவும் வாய் வந்தது. ஆனால் அது யாரோ ஒரு குடும்பம் தாத்தன் காலத்திலிருந்து வைத்திருக்கிற பொருள். நான் பூசியது எதுவரை உள்ளே போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது.

"ஏலாது அண்ணை. நான் போய்ச் சொல்லுறன்" என்றேன்.

மார்ட்டின் அப்போதுதான் வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பழுதாக்கிவிட்டேன் என்று சொன்னேன். கவசத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது, கத்தவில்லை.

"என்ன பூசினாய்? சரியாகச் சொல்."

புளிக்கு இங்கிலீஷில் பெயர் அந்த நேரம் வரவில்லை. மிச்சப் புளியைக் கொண்டுவந்து காட்டினேன். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "இதைச் சாப்பிடுகிறீர்களா?" என்றார். பிறகு உடனே, "உப்பு?" என்றார். ஒரு சிட்டிகை என்றேன். "அமிலமும் உப்பும். அப்படியென்றால் இது மேலே இருக்கிற கறள் அல்ல. கரைக்கு அடியில் போயிருக்கும். ரிவிட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்" என்றார்.

இருபத்திரண்டு ரிவிட். தேவன் அண்ணை ஒவ்வொன்றின் தலையையும் மெல்லிய டிரில்லால் எடுத்தார். பித்தளையைக் கழற்றியதும் உருக்கின் மேல் பழுப்பாக ஒரு கூழ், அதற்குள் புளியின் நார் ஒன்று. அண்ணை அந்த நாரை விரலில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஈரம் எண்டு சொல்லியிருந்தா உது உள்ளுக்கயே கிடந்து தகட்டைத் திண்டிருக்கும். நல்லகாலம், நான் சொன்னதை நீர் கேக்கேல்லை."

புளிப்பை முறிக்கச் சோடா வேண்டும் என்று மார்ட்டின் சொன்னார். திரும்பவும் அதே தமிழ்க் கடைக்கு ஓடினேன். ஆறு பாக்கெட் அப்பச்சோடாவைப் பார்த்துக் கடைக்காரத் தம்பி, "அக்கா, எத்தினை பேருக்கு அப்பம்?" என்று கேட்டார். காசை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

சோடாத் தண்ணீரில் கழுவினோம், வெந்நீரில் கழுவினோம், தலைமயிர் காய வைக்கிற மெசினால் காய வைத்தோம், எண்ணெயும் வயர் வூலும் போட்டு அங்குலம் அங்குலமாக எடுத்தோம். பின்னேரம் அண்ணை புது ரிவிட் அடிக்க நான் உள்ளே இரும்பு முட்டுக் கொடுத்தேன். கரைக்கு அடியில் கடுகு அளவில் மூன்று குழி மட்டும் போகவில்லை. வெளியில் தெரியாது. ஆனால் மார்ட்டின் எங்கள் முன்னாலேயே அந்தக் குடும்பத்துக்குப் போன் பண்ணி, "எங்கள் பட்டறையில் ஒரு பிழை நடந்துவிட்டது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

5. வெள்ளிக்கிழமை

ஜூடித் வந்து கவசத்தைப் போட்டாள். நான்தான் பட்டி கட்டிவிட்டேன். எங்கே கடிக்கிறது என்று கேட்டு, இடது தோள் பட்டியை ஒரு துளை தளர்த்தினேன். கையைத் தூக்கினாள், முழங்காலில் இருந்தாள், வாளை ஓங்கிக்கொண்டு துள்ளி எழும்பினாள். "இதற்குள் மூச்சு விட முடிகிறதே" என்று சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் போனபிறகு மார்ட்டின் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடதாசி இருந்தது. வேலை இல்லை என்ற கடிதம் என்றே நினைத்தேன். இரண்டு தரம் வாசித்த பிறகுதான் அது நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் என்று விளங்கியது.

"நான் பழுதாக்கினேனே" என்றேன்.

"உனக்கு முன் இருந்தவனின் கை உன் கையைவிட நல்ல கை" என்றார் மார்ட்டின். "ஒரு தலைக்கவசத்தின் முகமூடி ஆணி உடைந்ததை எனக்குச் சொல்லாமல் ஒட்டிக் கொடுத்துவிட்டான். மேடையில் அது விழுந்து நடிகனின் புருவம் கிழிந்தது. நேற்று நீ எட்டு இருபதுக்கு வந்து சொன்னாய். நான் அப்போது தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை."

கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டேன். இந்தத் தரம் அடக்கவில்லை.

அந்தப் பட்டறையில் பதினான்கு வருடம் இருந்தேன். கடைசி ஆறு வருடம் புது ஆட்களைப் பழக்கியதும் நான்தான். தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். வந்த எல்லாருமே ஏதோ ஒன்றைப் பழுதாக்கினார்கள். ஒருத்தி வாளின் கைப்பிடித் தோலை வெந்நீரில் ஊறப் போட்டாள், தோல் சுருங்கி விறைத்துவிட்டது. அவள் முகம் வெளிறி என் முன்னால் வந்து நின்றபோது நான் முதலில் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன். பழுதாக்கியது பத்து மணிக்கு. வந்து சொன்னது பத்தே காலுக்கு. நான் ஓய்வு பெற்றபோது பட்டறையின் திறப்புச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.