தோல் வளையல்

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தோலுக்கு வந்ததில்லை. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தாள். கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பையில் அடைத்துக்கொண்டு வருவாள். ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் தோல், அறைந்து சாத்துகிற கதவுக்கு நடுவில் தோல், குழாய் சொட்டினால் தோல். தெருக்கோடி அடிபம்பில் வாசர் தேய்ந்து தண்ணீர் ஏறாமல் போனபோது அம்மாதான் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தாள். அது மூன்று வருஷம் தாங்கியது. அந்த மூன்று வருஷமும் பம்படியில் அம்மாவை யாரும் வரிசையில் நிற்கவைத்ததில்லை. அந்தப் பெருமைதான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

அப்பா கியர் பாக்ஸ் மெக்கானிக். பைபாஸை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் ஷெட். பெரிய லாரிகளில் கியர் கம்பியின் தலையில் ஒரு சின்ன விசை இருக்கும். கீழே தள்ளினால் லோ, மேலே தூக்கினால் ஹை. மலைக்கும் பாரத்துக்கும் ஒரு வரிசை கியர், நல்ல சாலைக்கு ஒரு வரிசை. விரல் தள்ளுவது விசையை மட்டும்தான். உள்ளே பல்சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் போடுவது காற்று. பிரேக்குக்குக் காற்று தருகிற அதே டேங்கிலிருந்து பென்சில் கனத்தில் குழாய்கள் கியர் பாக்ஸுக்குப் போகும். அந்தக் காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதில் அப்பாவுக்குச் சுற்று வட்டாரத்தில் பெயர் இருந்தது.

அன்றைக்கு பக்ரீத்துக்கு மறுநாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவுக்குக் கம்பெனி இல்லை. காலையில் சித்தப்பா லாரியோடு ஷெட்டுக்கு வந்தார். அவர் அப்பாவின் தம்பி. ஆறு வருஷம் கிளீனராக இருந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பேரணாம்பட்டு மலை ஏறி அந்தப் பக்கத்து ஊர்களில் குர்பானி கொடுத்த ஆடுகளின் தோல் ஏற்றி வரவேண்டும். உப்புத் தடவி வைத்திருந்தாலும் அந்த வெயிலில் பச்சைத் தோல் ரொம்ப நாள் காத்திருக்காது.

"விசைய தூக்கனா புஸ்ஸுன்னு சத்தம்தாண்ணா வருது. ஹை உழமாட்டுது," என்றார் சித்தப்பா.

அப்பா காற்று ஏறும்வரை இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. கியர் பாக்ஸில் சேருகிற இடத்தில் குழாயைக் கழற்றி உள்ளங்கையை வைத்துக்கொண்டு விசையைத் தூக்கச் சொன்னார். காற்று கையில் அறைந்தது.

"வாசல் வரிக்கும் வருது. கோளாறு வூட்டுக்குள்ளதான்," என்றார்.

பின் மூடியைப் பிரித்தார். உள்ளே ஒரு சிலிண்டர், அதில் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் வளையம் ஒரு பக்கம் அறுந்து புழுப்போல் தொங்கியது. காற்று பிஸ்டனைத் தள்ளாமல் அந்தச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வேலூரில் அந்த வளையம் விற்கிற கடைக்காரர் பண்டிகைக்குப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். மறுநாள்தான் திறப்பார்.

லாரி முதலாளி மேல்விஷாரத்து பாய். போனில் அவர் அவசரப்படுத்தவே இல்லை என்பதை நான் சொல்லியாகவேண்டும். "முடியலன்னா உட்டுடுப்பா, வேற வண்டி அனுப்பிக்கிறேன். பேஜார் பண்ணிக்காத," என்றார். அவசரம் எல்லாம் சித்தப்பாவுக்குத்தான். இந்த லோடு வேறு டிரைவருக்குப் போனால் அடுத்ததும் அவனுக்கே போகும் என்று ஷெட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அணைக்கட்டுப் பக்கத்துப் பெண். டிரைவர் என்று சொல்லித்தான் பார்த்திருந்தார்கள்.

அம்மாதான் கேட்டாள். "பம்புக்கு வெட்டுன மாதிரி வெட்டிக் குடுக்கட்டா?"

அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அறுந்த ரப்பரை அம்மாவிடம் அளவுக்குக் கொடுத்தார்.

அம்மா வெட்டிய முதல் வளையம் ஒரு நூல் கனம் அதிகம். இரண்டாவது கச்சிதம். அதை எண்ணெயில் ஊறவைத்துப் பிஸ்டனில் ஏற்றி மூடியை முடுக்கினார்கள். சித்தப்பா விசையைத் தூக்கினார். உள்ளே டொக்கென்று விழுந்தது. கீழே தள்ளினார். மறுபடி டொக். பத்துத் தடவை பார்த்தார்கள், பத்துத் தடவையும் விழுந்தது. அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கழித்துப் போட்ட முதல் வளையத்தைச் சித்தப்பா எடுத்து என் கையில் மாட்டினார். "அண்ணி கம்பெனி வளையல். ஒனக்குத்தான்," என்றார். பெரிசாக இருந்தது. முழங்கைக்கு மேலே ஏற்றினால்தான் நின்றது. எனக்கு ஒன்பது வயது. அதைக் கழற்றாமலே தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

என்ன நடந்தது என்பதை, அப்பா சாகிற வருஷம்தான் என்னிடம் முழுதாகச் சொன்னார். காலியாக மலை ஏறியவரை வளையம் ஒழுங்காக வேலை செய்தது. இறங்கும்போது வண்டி நிறைய பாரம். இறக்கத்தில் லோ போட்டால்தான் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். சித்தப்பா விசையைக் கீழே தள்ளினார். காற்றோடு வந்த ஈரத்தைக் குடித்து உப்பிய தோல், சூட்டில் இறுகி, பிஸ்டனைப் பாதி வழியில் கவ்விக்கொண்டது. ஹை விலகிவிட்டது, லோ விழவில்லை. கியர் கம்பி கியரில்தான் இருந்தது, சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பிடிப்பு ஒன்றுமில்லை. பிரேக் இரண்டு வளைவு தாங்கியது. மூன்றாவது வளைவில் சித்தப்பா வண்டியைப் பாறையில் கொண்டுபோய் மோதினார். அதற்குள் பக்கத்தில் இருந்த லோடுமேன் குதித்துவிட்டார். எங்கள் தெருக்காரர், மூன்று பிள்ளைகள். அவர் பிழைக்கவில்லை. சித்தப்பாவின் வலது கால் நசுங்கியது.

வண்டியை ஓரம் கட்டி எடுத்துவர முதலாளி அப்பாவைத்தான் அனுப்பினார். அன்றைக்குக் கடை திறந்திருந்தது. ரப்பர் வளையத்தை வாங்கிக்கொண்டுதான் அப்பா மலை ஏறினார். திரும்பி வந்து ஒரு துணிப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை வெந்நீர் அடுப்பில் போட்டாள். தோல் கருகுகிற நாற்றம் வீடு முழுக்க அடித்தது. அதன் பிறகு அவள் வீட்டிலிருந்த துண்டுகளை எல்லாம் வாரினாள், கட்டில் காலுக்கு அடியிலிருந்ததைக்கூட. "இன்னொண்ணு எங்கடி?" என்று என்னைக் கேட்டாள். காணாமல் போய்விட்டது என்றேன். சட்டைக் கைக்குள் அது இருந்தது. கொடுத்தால் எரித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

மோட்டார் ஆய்வாளர் வந்து பார்த்தபோது கியர் பாக்ஸ் நன்றாக இருந்தது. கியர் பாக்ஸ் நன்றாக இருந்தால் தப்பு டிரைவருடையது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுகிற டிரைவர்கள் உண்டு. லாரிக்காரர்கள் நடுவில் அது கெட்ட பெயர். ஆனால் சித்தப்பா எதுவும் ஞாபகமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவின் முகம் வீங்கி யாரோ போல இருந்தது. அவர் சிரிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் கொடுத்ததை நான் பத்திரமாக வைத்திருப்பது தெரிந்தால் சிரிப்பார் என்று நினைத்தேன். சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு போய் நின்றேன்.

முதலில் பார்த்தது போலீஸ்காரர்தான். "இன்னா பாப்பா இது, தோல் வளையலா? ஷோக்கா கீதே. யார் செஞ்சது?"

"எங்க அம்மா வெட்டுனது. லாரிக்கு..."

"சார்," என்றார் சித்தப்பா. சத்தம் பெரிதாக வந்தது. "எழுதிக்கங்க சார். நியூட்ரல்ல உட்டது நான்தான். டீசல் மிச்சமாவும்னு எறக்கத்துல உட்டுட்டேன்."

போலீஸ்காரர் என்னை மறந்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் தேடினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். சித்தப்பா என் கையைப் பிடித்து வளையலை உருவித் தலையணைக்கு அடியில் தள்ளினார். கொடுத்தவரே பிடுங்கிக்கொண்டார் என்று எனக்கு அழுகை வந்தது. வராந்தாவில் அம்மா என் வாயைப் பொத்தினாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் சித்தப்பாதான் நியூட்ரலில் விட்டு ஆளைக் கொன்றார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அணைக்கட்டுக்காரர்கள் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். லைசென்ஸ் போயிற்று. கேஸ் முடிந்து ஜெயிலுக்கும் போனார். ஊரில் அவருக்கு நியூட்ரல் என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

அவர் வெளியே வந்த அன்று அம்மா கோழிக் குழம்பு வைத்தாள். அவர் அக்குள் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்க்காமலே சாப்பிட்டேன்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டார். "வளையல புடுங்கிக்கினேன்னா?"

"ஆமா," என்றேன். "குடுத்துட்டு யாராவது புடுங்குவாங்களா?"

சித்தப்பா சிரித்தார். ஆஸ்பத்திரியில் நான் எதிர்பார்த்துப் போன அதே சிரிப்பு. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அப்பா எழுந்து ஷெட் பக்கம் போனார். குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் தட்டில் இருந்த கறித்துண்டை எடுத்து நான் தின்றேன்.