எந்த வாரேன்?

என்னை வேலையை விட்டு அனுப்பிய அன்று நான் செய்த கடைசிக் காரியம், அனுப்பியவளைக் குழப்பியதுதான். பெங்களூரில் பதினொரு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீடியோ அழைப்பில் ஹெச்.ஆர். பெண் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். சந்தை சரியில்லையாம், ஆட்களைக் குறைக்கிறார்களாம், டெஸ்டிங்கை இனி ஏஐ பார்த்துக்கொள்ளுமாம். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "ஓகே, தேங்க்யூ, ஐ வில் கம்" என்றேன். பரமத்தி வேலூர்க்காரி வேறு எப்படி விடைபெறுவாள்? அவளுக்குத் தமிழ் தெரியாது. முகம் வெளிறிப்போய், "நோ, நோ, நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை சொன்னாள். அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை மதியம் வந்தது.

அறையைக் காலி செய்துகொண்டு பரமத்தி வேலூருக்கே வந்து சேர்ந்தேன். அம்மா அக்கம்பக்கத்தில், "புள்ளை லீவுல வந்திருக்குதுங்க" என்று சொல்லி வைத்தாள். ஐந்து மாத லீவை எந்தக் கம்பெனி கொடுக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.

என் திறமை மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இதைத் தலைக்கனம் என்பவர்கள் என்னோடு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கிருந்த பயமெல்லாம், டெஸ்டர் என்றொரு வேலை இனி இருக்குமா என்பதுதான். நான் விண்ணப்பம் போட்ட இடங்களில் பாதிப்பேர் ஆள் எடுக்கவே போவதில்லை; கம்பெனி நன்றாக ஓடுகிறது என்று காட்டிக்கொள்ள விளம்பரத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். மீதிப்பேருக்கு, கோடிங், டெஸ்டிங், வாடிக்கையாளரோடு பேசுவது என்று மூன்று ஆள் வேலையை ஒரே ஆள் செய்ய வேண்டும். ஒரு நேர்காணலில், "ஏஐ டூல் என்னென்ன தெரியும்?" என்று கேட்டார்கள். வரிசையாகச் சொன்னேன். "இவ்வளவும் இருக்கும்போது டெஸ்டர் எதுக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த ஆள் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் சேலத்திலிருந்து அழைப்பு வந்தது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஆறு பேர் இருக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி சேலத்துக்காரர்தான், சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்து தொடங்கியவர். மூன்று பேரை வரச் சொல்லியிருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"இருக்கிற நிலைமையில ஒருத்தரைத்தான் எடுக்க முடியும். ஒரு கோளாறு ரெண்டு மாசமா எங்க உயிரை எடுக்குது. ரெண்டு நாள் டைம். கண்டுபிடிங்க."

திருச்செங்கோட்டில் போர்வெல் தோண்டும் ரிக் லாரிகள் வைத்திருக்கும் ஒருவருக்காக அவர்கள் செய்து கொடுத்த ஆப் அது. லாரி டிரைவரின் போனில் இரண்டு பட்டன்கள். போர் போடும் இடத்துக்குக் கிளம்பும்போது ஒன்றை அழுத்த வேண்டும். தோட்டக்காரருக்கு 'ரிக் வண்டி உங்கள் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது' என்று செய்தி போகும். வேலை முடிந்து திரும்பும்போது மற்றதை அழுத்த வேண்டும். கோளாறு என்னவென்றால், வேலை முடித்து வண்டி கிளம்பிய பிறகும் 'வந்துகொண்டிருக்கிறது' என்றே செய்தி போனது. தண்ணீர் வந்தவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். தண்ணீர் வராதவர் ஒருவர், காய்ந்த குழிக்கு மறுபடியும் எதற்கு வண்டி என்று போனில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ரிக் முதலாளி இந்த ஆப்பே வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் இருந்தார்.

மற்ற இருவரும் நிரல் முழுவதையும் ஏஐயிடம் கொடுத்தார்கள். முதல் நாள் நானும் அதையேதான் செய்தேன். அது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணம் சொன்னது. சிக்னல் என்றது, போன் கடிகாரம் என்றது, செய்தி தாமதமாகப் போகிறது என்றது. மாலைக்குள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். எதிலும் பிழை இல்லை. அப்படியென்றால் பிழை போனைப் பிடித்திருக்கும் கையில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குப் போகாமல் திருச்செங்கோடு பஸ் ஏறினேன். ரிக் முதலாளியிடம் இடம் கேட்டுக்கொண்டு போனபோது, ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் ரிக் வேலையை முடித்திருந்தது. மேலெல்லாம் வெள்ளைப் புழுதியோடு டிரைவர் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். தோட்டக்காரரைப் பார்த்து, "சரிங்க, வாரேனுங்க" என்றார். சொல்லும்போதே கட்டை விரல் போனில் ஒரு பட்டனை அழுத்தியது. தோட்டக்காரரின் போன் டிங் என்றது.

அவர் படித்துவிட்டு, "ஏனுங்க, வண்டி வருதுன்னு வந்திருக்குது. வண்டி இங்கயேதான நிக்குது?" என்றார்.

"அது அப்படித்தானுங்க. கம்ப்யூட்டரு" என்றார் டிரைவர்.

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே 'வருகிறேன்'. கீழே 'போகிறேன்'. அவர் அழுத்தியிருந்தது 'வருகிறேன்'.

"ஏனுங்கண்ணா, கெளம்பும்போது கீழ இருக்கறதத்தானுங்க அமுக்கோணும்?"

கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "ஏன் அம்மணி, தொழில் பண்ணுன எடத்துல நின்னுக்கிட்டுப் போறேன்னு அமுக்குவாங்களா? தண்ணி வந்தாலும் வராட்டியும் வாரேன்னு சொல்லித்தானுங்க வண்டிய எடுக்கோணும். எங்காளுக ஒருத்தனும் அதத் தொட மாட்டானுங்க."

அந்தத் தோப்பில் நான் குதிக்காமல் நின்றது பெரிய விஷயம். கூடவே வெட்கமாகவும் இருந்தது. வேலை போன அன்று இதே தப்பை இங்கிலீஷில் செய்தவள் நான். எனக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும்.

மதியம் ஃபேர்லேண்ட்ஸில் முதலாளி முன்னால் உட்கார்ந்து, தோப்பில் பார்த்ததைச் சொன்னேன். பட்டனில் வரும் வாசகத்தை அவர் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். அதைத் தமிழாக்கியது ஏஐ. யாரும் அதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை.

"உங்க ஊட்டுல கெளம்பும்போது போறேன்னு சொன்னா உடுவாங்களாங்க?" என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்கம்மா உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சுருவாங்க." பிறகு, "சரி, கோடிங்ல என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்தலைங்க. பட்டன்ல 'வேலைக்குக் கெளம்பியாச்சு', 'வேலை முடிஞ்சுது'ன்னு மாத்தினாப் போதும்."

"மத்த ரெண்டு பேரும் நாப்பது எடத்துல மாத்திக் கொடுத்திருக்காங்க."

ஒரு வரிகூட எழுதாதவளை இந்தக் காலத்தில் யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஆனாலும் பேச்சை மாற்றவில்லை. "அந்த நாப்பதும் தேவையில்லைங்க. பழசையே வெச்சுக்குங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றேன்.

அவர் திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டு, டிரைவரிடமே பேசினார். பேசி முடித்துப் போனை மேசையில் வைத்தார்.

"யோசிச்சுச் சொல்றேங்க."

ஐந்து மாதமாக எனக்கு மனப்பாடமான வாக்கியம். தோள்பையை எடுத்தேன்.

"சரிங்க, வாரேனுங்க."

கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து கேட்டார். "இது எந்த வாரேன்?"

திரும்பிப் பார்த்தேன். மனிதர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"நீங்க எந்தப் பட்டன அமுக்குறீங்களோ அதுதானுங்க."

"அப்ப திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வாங்க. எந்த ஆப் வெளிய போறதா இருந்தாலும் இனிமே நீங்க பார்த்த பிறகுதான் போகும்."

படியிறங்கி, பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, லீவு முடிஞ்சுது."