சாமிக்கு முன்னால் நான்கெழுத்து

1991 டிசம்பர் விடுமுறையில் போன பயணம் இது. மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழன் ஒட்டியெனோ, கென்யாக்காரன், வேறு வகுப்பு. வந்து ஒன்றரை வருடமாகியும் ஒரு தமிழ் வீட்டுக்குள்ளும் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. கடைசியில் அவனே கேட்டுவிட்டான், உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று. எங்கள் ஊர் தேவதானம், ராஜபாளையத்தைத் தாண்டி மலையடிவாரம். வா என்று சொன்ன நிமிடத்திலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை.

காரணம் என் பெயர். கல்லூரியில் நான் 'சாமி'. ஊரில் கருப்பசாமி, கூப்பிடுவது 'கருப்பா'. குலசாமி பெயர்தான், ஆனாலும் மதுரைக்கு வந்த முதல் வாரமே முன்பாதியை வெட்டிவிட்டேன். ஒட்டியெனோ இங்கே முதலில் கற்ற தமிழ்ச் சொல்லும் அந்தக் 'கருப்பா'தான். பஸ்ஸிலும் டீக்கடையிலும் அவனைப் பார்த்துக் கத்துவார்கள். ஒருமுறை கடைவீதியில் எவனோ "ஏ கருப்பா!" என்றபோது நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். நீ ஏன் திரும்பினாய் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முன்னெச்சரிக்கையாக வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன்: 'இந்த முறை வரும்போது எல்லோரும் என்னைச் சாமி என்றே கூப்பிடவும்.' பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

காலை 7.10க்கு மதுரையில் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் 75 கிலோமீட்டர், டிக்கெட் எட்டரை ரூபாய். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான் வரும். திருமங்கலம் தாண்டியதும் அவன் பெயர்ப் பேச்சை எடுத்தான். அவர்கள் பிறந்த நேரத்தை வைத்துப் பெயர் வைப்பார்களாம். ஒட்டியெனோ என்றால் ராத்திரியில் பிறந்தவன்.

"சாமி என்றால்?"

"கடவுள்."

"முழுப் பெயரே அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கல்லுப்பட்டியில் குடித்த டீ ருசிக்கவே இல்லை.

9.25க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். தெருவில் நின்று கோபுரத்தையும் தேரையும் பார்த்தான், கால் கிலோ பால்கோவா வாங்கினான். நான் கடிகாரத்தையும் தெரிந்த முகம் எதுவும் வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். 10.40க்கு மறுபடி பஸ் ஸ்டாண்டு. ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஏலே கருப்பா!"

என் தாய்மாமா. இதே ஊரில் மடவார் வளாகத்தில் வீடு, பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் ஒட்டியெனோவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் முகம் இறுகியது. நான் காது கேளாதவன் போலப் பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே கருப்பா, ஒன்னத்தாம்ல! காது அடைச்சிருச்சா?"

ஒட்டியெனோ பையை எடுத்துக்கொண்டு, புறப்படத் தயாராக நின்ற மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் பின்னால் ஓடினேன். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: "இன்னும் இரண்டு நாள் இதைக் கேட்க என்னால் முடியாது. நீ ஒரு வார்த்தை தட்டிக் கேட்கவில்லை."

"தம்பி, ஏறுறதுன்னா ஏறுங்க, எடுக்கப் போறோம்" என்றார் கண்டக்டர்.

சட்டைப்பையிலிருந்து கல்லூரி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். எழுத்தெழுத்தாகப் படித்தான். "அவர் என்னைத்தான் கூப்பிட்டார். அது என் பெயர்" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அன்று கடைவீதியில் திரும்பினாயே! அப்போதே சொல்லியிருந்தால் அந்தச் சொல் எனக்கு ஒரு நண்பனின் பெயராக இருந்திருக்கும். நிறத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்குச் சொன்னதும் நீதான்."

எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்குள் மாமா ஜன்னலுக்கு வந்துவிட்டார். "யாருல இவிய? கோவமா இருக்காவளோ?"

"ஃப்ரெண்டு மாமா. இவனுக்கு என் பேரு இப்பத்தான் தெரியும்."

"பேரே தெரியாமயா இம்புட்டு நாளு சேக்காளியா இருந்தீய?"

என்ன சொல்கிறார் என்று ஒட்டியெனோ கேட்டான். ஒளிக்காமல் மொழிபெயர்த்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். அவன் எழுந்து பையை என் கையில் திணித்துவிட்டு இறங்கினான். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.

ராஜபாளையம் 11 கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கிருந்து தேவதானத்துக்கு டவுன் பஸ், இன்னொரு முக்கால் மணி. வழியெல்லாம் நான் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

வாசலில் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். "வாங்க சாமி." அவனையும் கும்பிட்டாள். பிறகு என் கழுத்தை உற்றுப் பார்த்தாள். "மாலைய எங்கல?"

டிசம்பரில் சபரிமலைக்கு மாலை போட்டவரைத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் சாமி என்பார்கள். என் கார்டைப் படித்துவிட்டு நானும் மாலை போட்டுவிட்டதாக அம்மா நினைத்திருக்கிறாள்!

"வீட்ட கழுவி, கவிச்சி சட்டியெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டேன்ல! வெறும் சாம்பாருதான்."

விடுதியில் ஒன்றரை வருடம் சாம்பாரே சாப்பிட்டவன் ஒட்டியெனோ. நிலைமை அவனுக்கும் பாதி புரிந்துவிட்டது. தன் விடுதித் தமிழில் சொன்னான்: "அம்மா, இவன் சாமி இல்ல. கருப்பன். கோழி போடலாம்."

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் கோழிதான்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரில் போனால் பஸ்ஸெல்லாம் சபரிமலைக் கூட்டம், ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்று நாட்டு நண்பரை வீட்டுக்குக் கூட்டிப்போனால் வழியில் கேட்கப்போகும் வார்த்தைகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாராவது அவரைப் பார்த்துக் கத்தினால் பஸ் போர்டைப் படிக்காதீர்கள்.

மூன்றாம் நாள் மதுரையில் வந்து இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே எவனோ "ஏ கருப்பா!" என்றான். இரண்டு பேரும் திரும்பினோம்.

"என்னய்யா?" என்று கேட்டது நான்.