மரியஅந்தோணி விரல் வைத்த இடம்

உட்லண்ட்ஸ் பகுதியில் குடியிருந்த மரியஅந்தோணிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் அட்டெண்டர் வேலை. ரத்தக்குழாயைப் படமெடுக்கும் அறையில் அவருக்கு இரண்டு பொறுப்பு. முதலில், நோயாளியின் பாதங்களில் நாடி துடிக்கும் இடத்தைத் தேடிப் பேனாவால் குறி போட வேண்டும். ரத்தக்குழாய்க்குள் விட்ட மெல்லிய டியூபைப் படம் எடுத்து டாக்டர் உருவியதும், தொடை இடுக்கில் ஊசி போன இடத்தைப் பதினைந்து நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். விட்டால் ரத்தம் பீறிடும். ஓங்கி அழுத்தினால் குழாயே அடைத்துக்கொள்ளும். எட்டு வருடமாகியும், விரலுக்கடியில் ஓர் உயிர் துள்ளும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

1978இல் ஒரு காலை ஜாலான் புசார் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த அப்துல் அலீம் வந்தார். நூறு அடி நடந்தால் இடதுகால் பிடித்துக்கொள்ளும். டாக்டர் வலது தொடை வழியாக டியூபை ஏற்றி, படத்தில் குழாயைக் காட்டும் மருந்தைச் செலுத்தினார்.

"சுடும் பாய். ஆடாதீங்க லா, படம் கெட்டுடும்" என்றார் மரியஅந்தோணி.

"யா அல்லா! வெந்நீ ஊத்துற மாதிரி இருக்கு தம்பி!"

எக்ஸ்ரே தகடுகள் படபடவென்று மாறி விழுந்தன.

டியூபை உருவியதும் மரியஅந்தோணி அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றது. பிறகு பாதத்தில் குறி போட்ட இடத்தைத் தொட்டார். இடதில் மெலிதான துடிப்பு. வலதில் எதுவுமில்லை. நோவில்லாத நல்ல கால் சில்லிட்டுக் கிடந்தது.

ஓடிப்போய்ச் சொன்னார். டாக்டர் தொட்டுப் பார்த்தார். "குழாய் சுருங்கியிருக்கும். கொஞ்சம் பார்ப்போம்" என்றார்.

"விரலெல்லாம் வெளுத்துடுச்சு டாக்டர். தயவுசெஞ்சு சர்ஜனைக் கூப்பிடுங்க."

ஒரு மணி நேரத்துக்குள் அறுவை அறையில் வலது கால் குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். வெளியே நின்ற மரியஅந்தோணிக்கு ஒரே நினைப்புதான்: நான்தான் ரொம்ப அழுத்திட்டேனோ?

"டியூபிலேயே கட்டி சேரும். உன் விரல் மேல் பழி போடாதே" என்றார் டாக்டர். ஆனாலும் மறுநாள் வார்டில் அந்தப் பாதத்தைத் தொட்டு, துடிப்பு விரலில் இடித்த பிறகுதான் மரியஅந்தோணிக்கு மூச்சு வந்தது.

அலீம் தன் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் மரியஅந்தோணி. இடது தொடையில் வெள்ளைக் கோடு சட்டென்று அறுந்திருந்தது. அதைச் சுற்றி நூல் நூலாகச் சின்னக் குழாய்கள் வளைந்து போய், முழங்காலுக்குக் கீழே மறுபடி ஒன்றுசேர்ந்திருந்தன.

"ரோடு அடைச்சிருக்கு பாய். உங்க உடம்பே சுத்திச் சந்து போட்டிருக்கு."

அலீம் அந்த நூல்களை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்து போனார்.

"நான் ஆணி வித்துக்கிட்டு இருந்தப்பவா இவ்வளவும் நடந்துச்சு?" என்றார் கடைசியில்.