ஜூரி பெஞ்சில் ஊர்க்கவுண்டர்

தூக்குக் கயிறு கழுத்தை நெரிக்காது என்ற ரகசியம் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சட்டைக்குள் ஒரு தோல் வார் இருக்கும். அதன் முதுகுப் பக்கத்தில் இரும்புக் கொக்கி. கயிறு கழுத்தைச் சுற்றிக் கிடந்தாலும் ஆளைத் தாங்குவது அந்தக் கொக்கிதான். சூளகிரிச் சந்தை மைதானத்துக்கு நாடகக் கம்பெனி வந்து இறங்கியபோதே அதை என் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் சொல்வதற்கு ஆள் இல்லை. அப்போது எங்கள் வீட்டுக்கு ஊர்க்கட்டு. யாரும் எங்களோடு பேசக்கூடாது, பொதுக் கிணற்றில் நாங்கள் தண்ணீர் சேந்தக்கூடாது, எங்கள் வேலைக்கு யாரும் வரக்கூடாது. என்னோடு கோலி ஆடிய பையன்கள்கூட என்னைப் பார்த்தால் வேலியோரம் ஒதுங்கிப் போவார்கள்.

நடந்தது இதுதான். ஒரு விடியற்காலையில் ஊர்க்கவுண்டரின் மாடுகள் இரண்டும் அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் ராகிக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா அவற்றைப் பிடித்துப் பாதையோரப் புங்கமரத்தில் கட்டி, வைக்கோலும் போட்டார். மடையைத் திருப்பிவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் கவுண்டர் வீட்டு ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. கவுண்டர் கேட்டது ஒரே கேள்வி.

"மாடு உன் மரத்துல இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுங்க. ஆனா..."

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. மாட்டுத் திருடன் என்று பட்டம் கட்டி, எங்கள் வீட்டுக்குக் கட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த வருஷ ராகியை அப்பாவும் அம்மாவும் தனியாக அறுத்தார்கள். பாதிக்கு மேல் கதிர் மழையில் நனைந்து முளைவிட்டுப் போயிற்று. மறு வருஷமும் ராகி பால் பிடித்து நின்றது. இந்த அறுப்புக்கும் ஆள் வராவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு அஞ்செட்டிக் காட்டுப் பக்கம், அம்மாவின் பிறந்த ஊருக்கே போய்விடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அவரைப் பந்தலுக்குப் புதுக் கொம்பு ஊன்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் நாடகக் கம்பெனி வந்தது. தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவன் ஊர் ஊராகப் போனான். "கண்ணெதிரே கோர்ட்டு! கண்ணெதிரே தூக்கு! வந்து பாருங்கள்!" காட்டோர ஊர்க்காரர்கள் யானைக்குப் பயந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால், சந்தை நாளில் ஆட்டத்தைப் பிற்பகலிலேயே வைத்தார்கள். ஜமீன்தாரின் காளையைத் திருடி, தடுக்க வந்த காவல்காரனைக் கொன்றவன் ஒருவனின் விசாரணைதான் கதை. சேலத்துப் பெரிய கோர்ட்டில் ஜூரி உட்காருவதுபோல மேடையிலும் ஐந்து ஜூரிகள் உட்காருவார்கள். அவர்கள் நடிகர்கள் அல்ல. அந்தந்த ஊர்ப் பெரிய மனிதர்களை அழைத்து, மாலை போட்டு, பெஞ்சில் உட்கார வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அவர்கள் கடைசியில் எழுந்து "குற்றவாளி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடனே தூக்கு. ஜனங்கள் வருவதே அந்தத் தூக்கைப் பார்க்கத்தான்.

கம்பெனி தங்கியிருந்த புளியந்தோப்புக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தினமும் போனாள். மடியில் அவரைக்காய், தலையில் மோர்ப்பானை. அவர்கள் ஏதாவது கொடுக்க வந்தால் வாங்கமாட்டாள். வீட்டில் நான் மோர் கேட்டால் தண்ணீராக ஊற்றுகிறவள், கூத்தாடிகளுக்குக் கெட்டியாக ஊற்றினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீதிபதி வேஷக்காரர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து மோர் குடிப்பார். அம்மா எதிரே குத்துக்காலிட்டு எங்கள் வீட்டுக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்வாள். அவர் இடையிடையே "மரம் எங்கே இருந்தது? பாதை எந்தப் பக்கம்?" என்று கேட்பார். ஊரில் பேச ஆள் இல்லாததால் அம்மா இங்கே வந்து புலம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கொக்கியைப் பார்க்கப் போய்விடுவேன்.

சந்தை நாள் வந்தது. சூளகிரியில் எங்கள் ஊர்க்கட்டு செல்லாது. ஆனாலும் பெண்கள் பக்கத்தில் அம்மா உட்கார்ந்ததும், எங்கள் ஊர்ப் பெண்கள் நகர்ந்துகொண்டார்கள். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. நான் அதில் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டேன். அப்பா கூட்டத்துக்குள் வரவில்லை, வண்டிகளுக்குப் பின்னால் நின்றார்.

ஜூரித் தலைவராக எங்கள் ஊர்க்கவுண்டர் மேடையேறினார். முறைக்கு அவர் அப்பாவுக்குப் பெரியப்பா. கழுத்தில் சாமந்தி மாலை, தோளில் ஜரிகைத் துண்டு. பக்கத்தில் ஆனேக்கல் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் வளையல் செட்டியார் ஒருவர். மற்ற மூவரும் வேற்றூர்க்காரர்கள்.

சணல் முடி வைத்த நீதிபதி சுத்தியலைத் தட்டினார். ஜமீன் ஆள் ஒருவன் கூண்டில் ஏறி, "காளை இவன் வீட்டு மரத்தில்தான் கட்டியிருந்தது, பிரபு!" என்று கத்தினான். குற்றவாளி வேஷக்காரன் கைகூப்பி அழுதான். "விடியற்காலையில் காளை என் பயிரில் மேய்ந்துகொண்டிருந்தது ஐயா. பிடித்துப் பாதையோர மரத்தில் கட்டி வைக்கோல் போட்டேன். வந்து சொல்வதற்குள் பிடித்துவிட்டார்கள். காவல்காரனை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை!"

பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஜூரிகள் வாயைத் திறக்கக்கூடாது என்று கவுண்டரிடம் சொல்லித்தான் உட்கார வைத்தார்கள். ஆனால் உட்காரப் பலகையும் எதிரே கூட்டமும் கிடைத்தால் அவருக்கு அது பஞ்சாயத்துதான். சாட்சியைப் பார்த்து, எங்கள் எல்லைப் பக்கத்தில் புழங்கும் தெலுங்கில், "நுவ்வு சூசினாவா?" என்று அதட்டினார். நீ பார்த்தாயா என்று கேட்கிறார். சாட்சி வேஷம் போட்ட மதுரைப் பக்கத்து நடிகனுக்குத் தெலுங்கு தெரியாது. திருதிருவென்று விழித்தான்.

"பாத்தீங்களா, முழிக்கிறான்! பொய்ச் சாட்சி!" என்றார் கவுண்டர். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மரத்துல மாடு இருந்துச்சு, சரி. அவன் ஓட்டிக்கினு வந்ததை எவன் பாத்தான்? திருடுனவன் பாதையோரத்துலயா கட்டுவான்? போற வர்றவன் பாக்கட்டும்னு வைக்கோலும் போட்டு வெப்பானா? ஒளிக்கிறவன்தான் திருடன். இவன் ஒளிக்கலை. சந்தேகம் இருக்கும்போது ஒருத்தனைக் கெடுக்கறது பாவம். இவன் குத்தவாளி இல்லை!"

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொக்கி வீணாகப் போகிறதே!

அப்போது என் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். முறையில் மாமனாரான மனிதர் முன்னால் அவள் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"மாமா, ரொம்ப நல்ல நாயம். இதே நாயத்தை எங்க வூட்டுக்காரருக்கும் சொல்லிடுங்க."

எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. கவுண்டரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. உட்காரப் பார்த்தார், உட்காரவில்லை. தான் என்ன பேசினோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். வளையல் செட்டியார் விஷயம் என்னவென்று பின்னால் இருந்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க கவுண்டரே, வேஷக்காரனுக்கு ஒரு நாயம், சொந்தக்காரனுக்கு ஒரு நாயமா?"

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். "ஜூரித் தலைவர் பதில் சொல்லலாம்!"

கவுண்டர் கூட்டத்தைப் பார்த்தார். சற்று முன் கைதட்டிய அதே கூட்டம். ஜரிகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டிகள் பக்கம் பார்த்துக் கையை நீட்டினார்.

"எங்கடா அவன்? வாடா மேல."

அப்பா நகரவில்லை. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார்கள். கவுண்டர் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து அத்தனை பேர் முன்னால் நீட்டினார். அதை வாங்கினால் கட்டு நீங்கியது என்று அர்த்தம். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு நீ ஏதோ சொல்ல வந்தியேடா" என்றார் கவுண்டர்.

"ஆமாங்க பெரியப்பா. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

கூட்டம் எழுப்பிய சத்தத்தில் சந்தை மாடுகள் மிரண்டன. மத்தளக்காரன் தானாக அடித்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் காலி இடத்தைத் தாண்டி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். நசுங்கியது நான்தான். "அப்போ தூக்கு எங்கே?" என்று யாரோ கத்த, "பொய்ச் சாட்சியைப் போடு!" என்று நூறு குரல் எழுந்தது. மதுரைப் பக்கத்து நடிகன் தப்பிக்க முடியாமல் வாரை மாட்டிக்கொண்டு தொங்கினான். என் மனம் குளிர்ந்தது.

வீட்டுக்கு ஊர்க்காரர்களோடு நடந்தோம். கோலிப் பையன்கள் இரண்டு பக்கமும் என்னை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ராகி எப்போது அறுப்பு என்று யாரோ அப்பாவைக் கேட்டார்கள். அப்பா, "கவுண்டர் என்ன இருந்தாலும் தர்மவான். நாம கும்பிட்ட சாமி வீண்போகலை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு முன்னால் போனார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பின்தங்கி என் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏன்டா, புளியந்தோப்புல நீ என்னென்ன பாத்தே?"

"கொக்கி பாத்தேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் பாக்கலையேம்மா. நீ வீணா அவங்களுக்கு மோர் ஊத்தினே, அதான்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாட்சின்னா நீதான்டா சாட்சி" என்றாள். கொக்கியைப் பார்த்ததற்காகத்தான் பாராட்டுகிறாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.