தொடக்கூடாத ரிசீவர்

1. உத்தரவு

போன் மணி அடித்தால் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட காசு கட்டிப் போன் பேசும் ஒரு கொமியுனிகேஷன் கடையில் ஒப்பரேட்டராக இருந்த பழக்கம். யுத்த காலம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் போன் கிடையாது. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் எங்கள் கடை நம்பருக்குத்தான் கோல் எடுப்பார்கள். தாய்மார் பஸ் ஏறி வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்தார். அடையாள அட்டை இல்லாதவர் போனைத் தொடக்கூடாது, வெளியிலிருந்து வரும் கோலாக இருந்தாலும் சரி என்றார். இந்தத் தடையைப் பற்றிப் போனில் மூச்சு விட்டால் லைனை வெட்டிவிடுவார்களாம். கண்காணிக்க சிவில் உடுப்பில் ஒருவர் கடைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்தில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. அட்டைக்கு எங்கே போவார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை முதலாளி முஸ்லிம், நானா என்று கூப்பிடுவோம்; நல்ல மனிதர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி.

"வாய மூடிக்கிட்டு இரிங்க மகள். கடைக்குப் பூட்டுப் போட்ருவாங்க" என்றார்.

2. குவைத் கோல்

அந்த வெள்ளிக்கிழமை தெமோதரைப் பக்கத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா வந்தார். அட்டை இல்லாதவர். மகள் புஷ்பா குவைத்தில். முந்திய மாதம் காய்ச்சலில் படுத்ததால் ராக்கம்மா கோலுக்கு வரவில்லை. மகள் குரலைக் கேட்டு இரண்டு மாதம்.

மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"புஷ்பா, அம்மா இங்கதான் இருக்காங்க. நீ சொல்றத நான் சொல்லிடறேன்."

"அம்மாகிட்ட குடுங்க மிஸ்."

"குடுக்க முடியாதும்மா."

"ஏன்?"

சிவில் உடுப்புக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னால் லைன் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூர தேசத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டோம். வரவும் முடியாது, அழுதுகொண்டு வேலை செய்யவும் முடியாது என்று மறைத்துவிடுவோம். புஷ்பாவுக்கும் அது தெரியும்.

"செத்துட்டாங்களா மிஸ்? மறைக்காதீங்க. போன மாசமும் வரல. இனி யாருக்காக நான் இங்க கெடந்து சாகணும்?"

பெஞ்சைப் பார்த்து, "நீங்க செத்துட்டதா நெனைக்குதும்மா" என்றேன்.

ராக்கம்மா எழுந்தார். இந்த மலையிலிருந்து அந்த மலையில் கொழுந்து பறிப்பவர்களைக் கூப்பிடுவது போல இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"ஏ புஷ்பா... நாந்தாண்டி! உசுரோடதாண்டி இருக்கேன்! வெறும் காச்சலுடி!"

நான் வயர் எட்டும் வரை ரிசீவரை நீட்டிப் பிடித்தேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ரிசீவருக்குள் அழுகை கேட்டது. "அம்மா, கத்தாதம்மா, தொண்ட கட்டிக்கும்" என்றாள் பிள்ளை.

சிவில் உடுப்புக்காரர் துள்ளி எழுந்தார். "என்ன இது?"

"அவங்க போனைத் தொடலையே சேர்."

அவர் ராக்கம்மாவின் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் வாயருகேதான் இருந்தன. திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

3. வாசல்படி

அடுத்த கிழமை உத்தரவு திருத்தப்பட்டு வந்தது. அட்டை இல்லாதவர் கடைக்குள்ளேயே வரக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலையே வேண்டாம் என்றிருந்தது.

பிறகு கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உத்தரவு வந்தால் பதறாமல் முழுதாகக் கேளுங்கள். எதைத் தடுக்க மறந்திருக்கிறார்கள் என்பது அதற்குள்ளேயே இருக்கும். இதை நான் கற்றது அந்தப் பயந்தாங்கொள்ளி முதலாளி நானாவிடம்.

அந்த உத்தரவு வந்த அன்று பின்னேரம் அவர் கடைத்தெருவுக்குப் போய், ரிசீவருக்கு வாசல்படி வரை எட்டும் புது வயர் வாங்கிவந்தார். என் முகத்தைப் பார்க்காமலே மேசைமேல் வைத்தார்.

"ரோடு நம்ம கடை இல்ல தானே மகள்" என்றார்.