கோடு போட்ட டிசம்பர் பூ

பூச்செடி விற்கிற தொழிலில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பூக்காமல் நிற்கிற செடியே நமக்காக எல்லாப் பொய்யையும் சொல்லிவிடும்.

சங்ககிரிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். ரோஜா என்று வாங்கிப்போய் முள்ளை மட்டும் வளர்த்தவர்கள், ஒட்டு மாங்கன்று என்று நம்பிக் காய்க்காத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் தயவுசெய்து என்னைத் திட்டாதீர்கள். நானும் உங்கள் கட்சிதான். நீங்கள் ஏமாந்ததோடு சரி. நான் ஏமாந்ததைத் திரும்ப விற்கவும் வேண்டும்.

அதிலும் டிசம்பர் பூ இருக்கிறதே, என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கென்றே பிறந்த செடி அது. மார்கழிப் பனியில் ஊதா, வெள்ளை, ரோஸ், வெளிர்நீலம் என்று பூத்துத் தள்ளும். மற்ற மாதங்களில் அத்தனையும் ஒரே பச்சைப் புதர்தான். ஆனால் நம் ஊரில் செடி வாங்க வருவது ஆடி மழைக்கு.

ஓமலூர் வாத்தியாரின் வெள்ளை

ஓமலூரிலிருந்து ஒரு வாத்தியார் ஆடி மாதத்தில் வந்தார். பூஜைக்கு வெள்ளை டிசம்பர் பூதான் வேண்டும், வேறு நிறம் ஆகாது என்றார். பூவே இல்லாத காலத்தில் நிறம் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஊதாப் பூக்கிற செடியில் இளம் தண்டு கொஞ்சம் சிவந்திருக்கும். வெள்ளைக்குச் சுத்தப் பச்சையாக இருக்கும். நான் ஒவ்வொரு தண்டாகத் திருப்பிப் பார்த்துப் பச்சைத் தண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அவரும் ஏதோ டாக்டர் நாடி பிடிப்பதைப் போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் செடிகள் எல்லாம் அதுவரை நிழல்வலைக்கு அடியில் இருந்தன. வெயில் படாவிட்டால் ஊதாச் செடியின் தண்டும் பச்சையாகத்தான் இருக்கும் என்பது எனக்கு மார்கழியில்தான் உறைத்தது, அவர் ஒரு பை நிறைய ஊதாப் பூவோடு வந்து நின்றபோது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் பேச்சைத் தயார் செய்வதற்குள் அவரே என்னைத் தேற்றினார்: “உடுங்கம்மா, இதாச்சும் பூத்துருச்சு. போன வருசம் உங்ககிட்ட வாங்கிட்டுப் போன செவ்வந்தி இன்னும் யோசிச்சுக்கிட்டே நிக்குதுங்க.”

பெயிண்ட் டப்பாவில் வந்த செடி

அதே மார்கழியில் குமாரபாளையத்திலிருந்து ராசாத்தி அக்கா வந்தார். விசைத்தறியில் வேலை. ஆட்டோவிலிருந்து ஒரு பெரிய பெயிண்ட் டப்பாவை இறக்கினார். அதற்குள் பூத்துக் குலுங்கிக்கொண்டு ஒரு டிசம்பர் பூச்செடி. வெள்ளை இதழில், யாரோ நிதானமாகப் பேனாவால் இழுத்ததுபோல ஊதாக் கோடுகள். இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு கோட்டுப் பூவை நான் பார்த்ததில்லை.

குடியிருக்கிற வீட்டு வாசலை ஓனர் காங்கிரீட் போட்டுத் தறி இறக்கப் போகிறாராம். இவர்கள் மாடியில் ஓர் அறைக்கு மாறுகிறார்கள். மொட்டை மாடியில் இடம் ஒதுங்கும்வரை செடியை நான் வைத்திருக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போக மனமில்லாமல் நின்றார். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. செடியை நட்டது அவருடைய மகள் கவிதா. காலேஜ் சிநேகிதி வீட்டிலிருந்து ஒரு குச்சி கொண்டுவந்து ஊன்றியிருக்கிறாள். அப்புறம் சங்ககிரியில் லாரி மெக்கானிக்காக இருந்த ஒரு பையனைத் தானாகவே கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. பேரை எடுக்க முடியாத அம்மா, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை எடுத்துச் சொல்லக் கூடாதா அக்கா?” என்று கேட்டேன். அவர் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பேரச் சொல்லாதேன்ன மனுசனே கடப்பாரை எடுத்து, வேரு அறாம தோண்டி டப்பாவுல வெச்சுக் குடுத்தாரு அம்முணி. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கறது?”

வாழப்பாடிக்காரர் கேட்ட குச்சி

கோட்டுப் பூவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திடீரென்று ஒரு கிளை மட்டும் கோட்டை மறந்துவிட்டு முழு ஊதாவாகப் பூக்கும். அதை விட்டுவைத்தால் அதுதான் கொழுத்து வளர்ந்து மற்றக் கிளைகளை அமுக்கிவிடும். ராசாத்தி அக்காவின் செடியிலும் அப்படி ஒரு கிளை இருந்தது. பூ இருக்கும்போதே அடையாளம் வைத்தால்தான் உண்டு. அந்த ஊதாக் கிளையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி வைத்தேன். தை பிறந்து பூ ஓய்ந்ததும் அதை வெட்டி எறிந்துவிட்டு, கோட்டுக் கிளைகளிலிருந்து குச்சி எடுத்து ஊன்றலாம் என்று திட்டம்.

இதற்கிடையில் வாழப்பாடி பூ வியாபாரி ஒருவர் வண்டியை நிறுத்தினார். கோட்டுப் பூவைப் பார்த்ததும் ஆள் நகரவில்லை. ஒரே ஒரு குச்சி கேட்டார். பிறத்தியார் நம்பி வைத்துவிட்டுப் போன பொருள், தர முடியாது என்றேன். கெஞ்சினார், கோபித்தார், மறுபடி கெஞ்சினார். நான் அசையவில்லை. அப்படி அசையாமல் இருந்ததில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட. வண்டியில் ஏறிக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைக்கு, அபசகுனம் பிடித்த மனுஷன் என்று திட்டினேன்: “ஒரு குச்சி குடுத்து வையும்மா, உங்கிட்ட இருக்கிறது செத்துப்போச்சின்னா எங்கிட்ட வந்து வாங்கிக்கலாம்.”

பாவாயி பார்த்த காப்பு

பொங்கலுக்கு நான் என் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். நர்சரியைப் பாவாயி பார்த்துக்கொண்டார். தண்ணீர் விடுவது, மண் கலப்பது எல்லாம் அவர்தான். என்னைவிட மூத்தவர், சொல்லாமலே வேலை செய்கிறவர். அந்தத் தடவையும் சொல்லாமலே செய்துவிட்டார். பூ ஓய்ந்துவிட்டதே, நான் வந்து சிரமப்பட வேண்டாமே என்று டிசம்பர் பூச்செடிகளை எல்லாம் கவாத்து வெட்டியிருக்கிறார்.

நான் வந்து பார்த்தபோது பெயிண்ட் டப்பாவில் ஒரே ஒரு கிளை நின்றது, மஞ்சள் நூலோடு. மற்றதெல்லாம் அடியோடு போயிருந்தது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்கும் வயல்காட்டுக்கும் காப்புக் கட்டுவோம். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துச் செருகிவிட்டால், அதை யாரும் தொட மாட்டார்கள். கோயில் நோன்பென்றால் மஞ்சள் நூலும் காப்புதான். பொங்கல் சமயத்தில் ஒரு கிளையில் மட்டும் மஞ்சள் நூல் கட்டியிருப்பதைப் பார்த்தால் பாவாயி வேறு என்ன நினைப்பார்? குப்பைமேட்டுக்கு ஓடினேன். கோட்டுக் கிளைகள் வெயிலில் சுக்காகக் காய்ந்து கிடந்தன. முளைக்காது என்று தெரிந்தும் அத்தனையையும் பொறுக்கி, வேர் பிடிக்கிற மருந்தில் தோய்த்து ஊன்றினேன். அழுகைதான் வந்தது, தளிர் வரவில்லை. பாவாயி என் பக்கத்தில் நின்று, இதில் என்ன தப்பு என்று நிஜமாகவே விளங்காமல் கேட்டார்: “காப்புக் கட்டுன கெளைய யாராச்சும் வெட்டுவாங்களா சாமி?”

மறு மார்கழி

ராசாத்தி அக்கா மாதம் தவறாமல் போன் செய்வார். செடி நன்றாக இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்பேன், அது உண்மைதானே. ஒற்றைக் கிளை கொழுகொழுவென்று புதராகிவிட்டது. ஒருவேளை கோடு திரும்ப வந்துவிடும் என்று ஓர் ஆசை எனக்கு. அப்படி வருவதும் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். கார்த்திகைக் கடைசியில் முதல் மொட்டு விரிந்தது. முழு ஊதா. அடுத்ததும் ஊதா. வாழப்பாடிக்காரருக்கு ஒரு குச்சி கொடுத்திருக்கலாம் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

மார்கழியில் ஒரு காலை அக்காவே ஒயர்கூடையோடு வந்துவிட்டார். மொட்டை மாடியில் இடம் கிடைத்துவிட்டதாம். செடியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. நூல் கட்டியதிலிருந்து குப்பைமேடு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், வேறு எந்தச் செடி வேண்டுமானாலும் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் ஒரு பூவைப் பறித்து, இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை. அதைத் தலையில் செருகிக்கொண்டு டப்பாவைத் தூக்கினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: “பூவு நெறம் மாறிப்போச்சுன்னு செடிய வீசிருவமா அம்முணி? அவரு கடப்பாரையும் கையுமா நின்னாரே, அன்னைக்கு நான் இந்த ஒரு வார்த்தைய அவருகிட்டச் சொல்லியிருந்தா, எம்புள்ள இந்த மார்கழிக்கு ஊட்டுல இருந்திருப்பா.”

ஆகவே இப்போதெல்லாம் யார் வந்து என்ன நிறம் என்று கேட்டாலும், டிசம்பரில் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் நான் சொன்னதிலேயே பொய்க்காத ஒரே வார்த்தை அதுதான்.